முறைக்கவில்லை, தைராய்டு

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சிவப்புப் பேனா மூடியைப் பார்க்கிறார் உண்ணாமலை. பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதே மூடியை. இரண்டிலும் ஒரே சிவப்பு. "சரி, இன்னிக்குப் பொழப்பு உண்டு" என்று மேசையைத் துடைக்கிறார். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். திங்கட்கிழமை, குறைதீர் நாளென்றால் டீ ஆறிப்போகும்.

தைராய்டு வந்து மூன்று வருடம். மாத்திரையில் ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது. கண் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. விழிகள் முன்னே தள்ளி, மேல் இமைகள் ஏறி நிற்கின்றன. தூக்கத்தில்கூட முழுதாக மூடாததால் டேப் ஒட்டிக்கொண்டு படுக்கிறார். பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிவதால், எழுதும்போது போடும் கண்ணாடியின் இடது பக்கத்தில் வெள்ளை பிளாஸ்திரி. "ரெண்டு கலெக்டர் ஆபீஸ் தெரியுது சார். ஒண்ணுத்துக்கு எழுதவே கை நோவுது, இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

ஆனால் குறை கேட்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். அந்தப் பார்வையை முதன்முதலில் வாங்கியபோது, மரத்தடிக்குப் பேப்பர் படிக்க வரும், ஒரு தப்பும் செய்யாத நானே என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்பென்னாத்தூர் சின்னசாமி, தம்பி பாதையை மறித்துவிட்டதாக மனு எழுத வந்தார். நாலு வரி சொன்னார், உண்ணாமலையைப் பார்த்தார், வேர்த்துவிட்டது. "அப்பிடிப் பாக்காதம்மா. வேலிய மொதல்ல தள்ளிப் போட்டது நாந்தான்" என்று போட்டு உடைத்துவிட்டு, மனுவே வேண்டாமென்று பஸ் ஏறிவிட்டார்.

வந்த ஆள் போனால் வருமானமும் போகும். அன்றைக்கே அட்டையில் எழுதி மரத்தில் கட்டினார்: 'முறைக்கவில்லை. தைராய்டு.' மனு எழுதுகிறவரல்லவா, இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பேனா மூடியைப் பார்ப்பது டாக்டர் கொடுத்த வேலை. கண் நரம்பு நசுங்கத் தொடங்கினால் நிறம் வெளுக்குமாம். அன்றைக்கே வந்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறார். "சாமி கும்புட மறந்தாலும் இத மறக்க மாட்டேன்" என்பார் உண்ணாமலை.

போன திங்கட்கிழமை மூடியை மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "வலது கண்ணுல செங்கல் கலராத் தெரியுது சார்." வரிசையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அவர் தாள்கட்டை அப்படியே தூக்கி, பக்கத்து மேசைப் போட்டிக்காரர் கோதண்டராமனிடம் வைத்தார். "என் ஆளுங்கள அதட்டாம எழுதிக் குடுங்க." ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் மூடியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் ஆள் நிமிரவே இல்லை. "டோக்கன் முடிஞ்சிடுச்சும்மா. நாளைக்கு வாங்க."

"செவப்பு வெளுத்துடுச்சுங்க. இன்னிக்கே பாக்கணும்னு டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு." சீட்டை நீட்டினார்.

"எல்லாருக்கும் அவசரந்தாம்மா."

உண்ணாமலை பிளாஸ்திரி ஒட்டிய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சத்தம் கேட்டு அந்த ஆள் நிமிர்ந்தார். உண்ணாமலைக்கு அவர் இப்போது இரண்டு பேராகத் தெரிந்திருப்பார். இரண்டு பேரையும் முறைத்தார்.