பச்சைப் பொட்டு

அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக். எங்கள் டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். ஒரு போல்ட்டை முடுக்கி முடித்ததும் அதன் தலையில் பச்சைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. அந்தப் பச்சை அவர் நகத்தில் எப்போதும் இருக்கும்.

"ஆபரேஷன் பண்ற டாக்டர்கூட இப்டி பொட்டு வைக்க மாட்டான் மாமா" என்பேன்.

"அதான் உள்ள கத்தரிக்கோல விட்டுட்டு வரான். போடா மச்சான்" என்பார்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். கனகசெட்டிக்குளத்தில் மீன் ஏற்றி டவுன் மார்க்கெட்டில் இறக்குவேன். அந்த ஒரு வண்டிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு. வாங்கும்போது ஷோரூமில் இன்னொரு பத்திரத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்குக் கூடுதல் வாரண்டி.

"இதுவும் இன்சூரன்ஸ் மாதிரிதாண்ணே. இடிச்சா குடுக்காது, உள்ள தானா கெட்டா குடுக்கும். குடுக்கறது நாங்க இல்ல, பின்னால இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கு. ஒண்ணே ஒண்ணு, வெளி ஆளு என்ஜின தொடக் கூடாது" என்றார் அங்கிருந்தவர்.

மாமாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, ஒரு ஓசி வேல கொறஞ்சுது" என்று சிரித்தார்.

வாரண்டி முடிந்து கூடுதல் வாரண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலாப்பட்டு தாண்டும்போது வண்டி சூடேறி நின்றுவிட்டது. பின்னால் முழு லோடு. ஐஸ் உருகி ரோட்டில் ஓடுகிறது. ஷோரூமுக்கு போன் போட்டேன். திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள்.

கூட வந்த மீன்காரம்மா விடவில்லை. "திங்கக்கெழம இத பூனகூட மோந்து பாக்காது. யாரையாச்சும் கூப்புடுய்யா!"

மாமாவைக் கூப்பிட்டேன். "தொடக் கூடாதுன்னியேடா" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் ஸ்கூட்டரில் வாட்டர் பம்ப்போடு வந்தார். சீட்டைத் தூக்கினால் அடியில் என்ஜின். வெயிலில் மண்டி போட்டு மாற்றினார். மீன் போய்ச் சேர்ந்தது.

நாலு மாதம் கழித்து என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் பம்ப் போய்விட்டிருந்தது. மாமா மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷோரூமுக்கு இழுத்துப் போனோம். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் பார்த்துச் சொன்னால்தான் செய்வோம் என்றார்கள். பெரிய ஆட்களிடம் எனக்குப் பேச வராது. மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தார்.

சர்வேயர் வருவதற்கு முன்னால் ஷோரூம்காரர் என் காதில் சொன்னார். "வெளி மெக்கானிக்னு வாயத் தொறந்துடாதீங்க. க்ளைம் போயிடும்."

சர்வேயர் மரியாதையாகத்தான் பேசினார். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் வாட்டர் பம்ப் பக்கம் நின்றார். நாலு போல்ட். நாலு பச்சைப் பொட்டு. செல்போனில் படம் எடுத்தார்.

"இது ஷோரூம்ல வைக்கிற மார்க் இல்லியே. யாரு தொறந்தது?"

"தெரியாது சார்."

"உங்க வண்டி, உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கனா நிறுத்தியிருந்தப்போ எவனாச்சும் கைய வச்சிருப்பான் சார்."

எவனாச்சும் என்று சொன்னேன். மாமா என் பக்கத்தில் நிற்கிறார்.

சர்வேயர் அவரைப் பார்த்தார். "இவரு?"

"தெரிஞ்சவரு. சும்மா வந்தாரு."

மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் தெருமுனையில் நிறுத்தினார். இறங்கினேன். போய்விட்டார்.

பத்து நாளில் லெட்டர் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். வெளி ஆள் திறந்த என்ஜினுக்குக் கிடையாதாம். மாமா பேரைச் சொல்லியிருந்தாலும் இதே லெட்டர்தான் வந்திருக்கும்.

அவரிடம் போக எனக்கு முகமில்லை. அவரே ஆள் அனுப்பி வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா போனில் சொன்னாள். எட்டு நாள் வேலை. எடுக்கப் போனபோது சாவியைக் கையில் கொடுத்தார்.

"ஓட்டிப் பாருங்க" என்றார்.

சீட்டைத் தூக்கினேன். என்ஜினைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஒரு போல்ட்டிலும் பொட்டு இல்லை.

"பொட்டு வைக்கலியா மாமா?"

"வாணாம். நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

சீட்டை இறக்கினேன்.

அன்றிலிருந்து வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. அக்கா வீட்டு விசேஷம் எதுவானாலும் முறையாகக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். மாமா வாசலுக்கு வந்து, "வாங்க" என்கிறார்.