விசில் வந்ததும் திரும்ப வேண்டும்

ஜீவனஹள்ளியில் ராஜலக்ஷ்மி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘டான்ஸ் மிஸ்’ வீடு என்று கேட்டால் கோழிக்கடை பாய்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். சந்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் சண்டைதான். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொள்ளலாம்.

வார நாட்களில் அவளுக்குப் பிரேசர் டவுனில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. சனி, ஞாயிறு காலையில் தெருக்கோடிச் சமுதாயக் கூடத்தில் பரதநாட்டிய வகுப்பு. கட்டணம் கிடையாது. செருப்பை வரிசையாக விட வேண்டும், அவ்வளவுதான். அது தவறினால் மட்டும் மிஸ்ஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் தமிழ், கன்னடம், உருது என்று ஆளுக்கொரு பாஷை பேசும் பெண்கள் அங்கே வந்து ‘தையா தை’ என்று ஒரே பாஷையில் தரையை மிதிப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல். ஒரு பக்கம் தரை இறங்கியிருக்கும். அங்கே ஆடிப் பழகிய பிள்ளைகள் எந்த மேடையிலும் விழ மாட்டார்கள் என்பாள் ராஜி.

அவளுக்கு ஒரே ஒரு உறுத்தல் உண்டு. ஒக்கலிபுரத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு சங்கத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் நடனம் கற்கச் சேர்ந்தாள். அந்த டீச்சர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். அடுத்து வந்தவர் வேறு பாணி. அவரும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் அதுவரை கற்றதையெல்லாம் மறக்கச் சொன்னார். அரங்கேற்றம் நடக்கவேயில்லை. “என்னுது ஒட்டுப்போட்ட டான்ஸ்க்கா” என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்கிற எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

இலவச வகுப்புக்குப் பாடகரையும் மிருதங்கக்காரரையும் எங்கே தேடுவது? அவளுடைய சிநேகிதி பிரிஸில்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன்னால் ராஜி வீட்டுக்கு வந்தாள். சர்ச்சில் பாடுகிறவள், கர்நாடக சங்கீதமும் முறையாகக் கற்றவள். அவள் ஒரு தில்லானா பாட, ராஜி கட்டையில் தாளம் தட்ட, போனில் பதிவு செய்தார்கள். அதே நேரம் எதிர்வீட்டில் நான் ஐ.டி. பையன்களுக்கு மத்தியானச் சாப்பாடு தயார் செய்துகொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. என் குக்கர் பெரியது, அதன் தொண்டையும் பெரியது. பல்லவி திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் என் பருப்பு வெந்து, நீளமாக ஒரு விசில்.

“பரவால்ல ராஜி, சுருதியோடதான் இருக்குது” என்றாள் பிரிஸில்லா. அவளுக்கு ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பதிவை வைத்துத்தான் பெண்கள் தில்லானா ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வருஷம் நகரத்துச் சபா ஒன்று, பேட்டைகளில் நடக்கிற இந்த மாதிரி வகுப்புகளுக்கென்று ஒரு நாள் மேடை ஒதுக்கியது. பாட்டும் மிருதங்கமும் அவர்கள் ஏற்பாடு. சபாவின் செயலாளர் மங்களம் போனில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், “உங்களோடது எந்த பாணி?” என்று கேட்டார்.

“மேடம், லைன் சரியில்ல, கேக்கல” என்று ராஜி வைத்துவிட்டாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. சந்துக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். ‘இலவச வகுப்புப் பிள்ளைங்க, இவ்வளவுதான் வரும்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுவும் தன்னால் அந்தப் பேச்சு வரக் கூடாது.

வெள்ளிக்கிழமை சபாவில் ஒத்திகை. துணைக்கு நானும் போனேன். கோவிந்தராஜன் என்ற பெரியவர் மிருதங்கம். அவர் தொட்டதுமே பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்துவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தப் பல்லவி வருகிறவரை. வரிசையாக நின்று ஒரே அடவைப் போட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று திரும்பி வட்டமாகப் பிரிய வேண்டிய இடம் அது. யாரும் திரும்பவில்லை. பாடகி பாவம், அந்த ஒரு வரியைப் பாடிக்கொண்டே இருந்தார். இவர்களும் அந்த ஒரு அடவைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கோவிந்தராஜன் கையை எடுத்தார்.

“ஏம்மா, திரும்ப வேணாமா?”

முன்வரிசையில் நின்ற விஜி மூச்சு வாங்கச் சொன்னாள்: “இன்னும் விசில் வரலியே சார்.”

“என்ன விசில்?”

“குக்கர் விசில் சார். அது வந்தாத்தானே திரும்பணும்?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கும்தான் வந்தது; ராஜியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“பரவால்லம்மா, உங்க பாட்டுக்கு மட்டும் ரெக்கார்டிங்கையே போட்டுக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் மங்களம். நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் சுட்டது.

சனிக்கிழமை முழுக்க ராஜி வாயால் பாடிப் பழக்கினாள். பிள்ளைகள் உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள். கண்கள் மட்டும் விசிலைத் தேடி ஒற்றுமையாகக் கூரையைப் பார்த்தன. விஜி அழுதேவிட்டாள். சாயங்காலம் ஜன்னலில் ராஜி வந்து நின்றாள்.

“தாளத்துக்கு ஆடுறாங்கன்னு நெனச்சேன்க்கா. உங்க பருப்புக்கு ஆடியிருக்காங்க.”

“அப்போ குக்கரத் தூக்கினு வந்து மேடைக்குப் பின்னாடி வெச்சுடட்டா?”

“தமாஷ் பண்ணாதீங்க. ஒழுங்கா ஒருத்தர்கிட்ட கத்துக்கினவளா இருந்தா அன்னிக்கே கவனிச்சிருப்பா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சட்டியப் பத்தி எனக்குச் சொல்லாத, நான் சமைக்கிறவ. அந்தப் பொண்ணுங்க அத்தன பேரும் ஒரே மாதிரி கால் வெக்குதே, அது எந்தக் குக்கர் சொல்லிக்குடுத்துது?”

அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபாவுக்குப் போனதும் மங்களத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: ரெக்கார்டிங் வேண்டாம், நட்டுவாங்கம் நானே செய்கிறேன். பாடகி பக்கத்தில் உட்கார்ந்து கைத்தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துகிற வேலை அது. இத்தனை வருஷத்தில் அவள் மேடையில் அதைச் செய்ததே இல்லை. மங்களம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஆராதனை முடித்து வந்த பிரிஸில்லா என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மேடையில் ராஜி கைத்தாளத்தை இரண்டு மூன்று தடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஜதி சொல்ல ஆரம்பித்ததும் குரல் பிசகவில்லை.

பல்லவி வந்தது. பிள்ளைகள் எண்ணினார்கள். ஒருத்தியின் கண் மேலே போயிற்று. அடுத்து இன்னொருத்தி. விஜியின் உதடு கோணியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராஜி அவர்களைப் பார்த்தாள். பிறகு மைக்குக்கு முகத்தைக் கொண்டுபோய், அவ்வளவு பெரிய சபையில், வெட்கப்படாமல் விட்டாள் ஒரு விசில்.

“உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!”

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். வட்டம் பூவாகப் பிரிந்தது. பார்வையாளர்களின் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று ராஜி தாளத்தை இன்னும் ஓங்கித் தட்டினாள். தன் மானத்தைவிடப் பிள்ளைகள் பெரிது என்று அவள் அந்த இடத்தில் முடிவு செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோவிந்தராஜன் சும்மா இருப்பாரா? ஆட்டத்தை முடிக்கிற கடைசித் தீர்மான ஜதியில் மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுத்து, அதே ‘உஸ்’ஸை அவரும் ஒரு முறை விட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆடி முடித்தார்கள். அதற்குப் பிறகு விழுந்த கைதட்டலில் கேலி இல்லை.

திரைக்குப் பின்னால் மங்களம் வந்தார். “அந்த ‘உஸ்’ நான் எங்கயுமே பாத்ததில்லம்மா. அன்னிக்கே கேட்டேன், லைன் கட்டாயிடுச்சு. இது எந்த பாணி?”

ராஜி ஒருமுறை பிள்ளைகளைப் பார்த்தாள். வேர்வையோடு நின்று சலங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் செருப்புகள் வரிசையாக இருந்தன.

“ஜீவனஹள்ளி பாணி மேடம்” என்றாள்.

மங்களம் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். பக்கவாத்தியம் யார் என்று கேட்பார் என எதிர்பார்த்து நான் ஓரமாக நின்றிருந்தேன். கேட்கவில்லை.