முட்டியும் பெட்டியும்

யுத்தம் நடந்த அந்த நாட்களில் உருத்திரபுரத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி ஒருவர் மிதிக்க வேண்டும். பின்சில்லோடு உரசிச் சுற்றும் டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கசற் றேடியோவுக்குக் கொடுப்போம். மற்றவர்களுக்குப் பாட்டு, மிதிப்பவருக்கு வேர்வை.

என்னுடைய ஸ்பீக்கர் பழுதான றேடியோ ஒன்றில் இருந்து கழற்றியது. அதை ஒரு மண் முட்டியின் வாயில் கவிழ்த்து வைத்திருந்தேன். தாளம் வயிற்றுக்குள் போய் இடிக்கும். ஊரில் என் முட்டிக்கு மேலே ஒன்று இல்லை என்று எனக்கு நல்ல தலைக்கனம். அதற்கு ஆப்பு வைக்கவென்றே யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவுக்கு ஒரு அண்ணை வந்து சேர்ந்தார். அங்கே பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர். கிளாலிக் கடலில் வள்ளத்தில் அவர் ஏற்றிக்கொண்டு வந்தது இரண்டு வெளிநாட்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

"ஆட்டுக்கல்லையும் விட்டிட்டு, கட்டிலையும் விட்டிட்டு, இந்தச் சவப்பெட்டி ரெண்டையும் காவிக்கொண்டு வந்த மனுசன்" என்று அவருடைய மனைவி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவா. அண்ணை சீலைத் துண்டால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அவர் வளவிலேயே போட்டி வைத்தோம். ஒரே கசற், ஒரே பாட்டு. முதலில் முட்டி, பிறகு பெட்டி. முட்டிக்கு நான் மிதித்தேன், பெட்டிக்கு அவர் மிதித்தார். கூடியிருந்த சனம் இரண்டாகப் பிரிந்தது. முட்டியில் பாட்டுத் துள்ளுகிறது என்றார்கள் என் ஆட்கள். பெட்டியில் பாட்டு ஆறுதலாக, கனமாக வருகிறது, பாடுகிறவரின் மூச்சுக்கூடக் கேட்கிறது என்றார்கள் அவருடைய ஆட்கள்.

"மூச்சுக் கேக்கவோ பாட்டுப் போடுறது?" என்று நான் கத்தினேன்.

அந்த நேரம் பின்வளவு அக்கா எழும்பி முன்னுக்கு வந்தா. அவாவின் கணவர் மலேரியாவில் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. உழவு மெசின் ஓட்டியவர், பெரிய பகிடிக்காரர். அக்காவின் கையில் ஒரு கசற் இருந்தது.

"தம்பி, இது வெளிநாட்டில இருக்கிற தன்ர தம்பிக்கு அனுப்பவெண்டு அவர் கதைச்சுப் பதிஞ்சது. அனுப்ப முந்திப் போயிட்டார். எங்க போட்டுக் கேட்டாலும் அவற்ற குரல் மாதிரி இல்லை. இந்த ரெண்டில ஒண்டிலயெண்டாலும் வருமோ எண்டு பாப்பம்."

கசற்றை என் கையில் தந்துவிட்டு, "எனக்கு அந்தக் குரல் மறந்துகொண்டு வருது. அதுதான் பயமாக் கிடக்கு" என்றா.

பாட்டென்றால் சண்டை பிடிக்கலாம். இதில் என்ன சண்டை? நான் போய்ச் சைக்கிளில் ஏறினேன். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறதாம், பசு கன்று போட்டிருக்கிறதாம், முட்டிக்குள் இருந்து அவர் சொல்லிக்கொண்டே போனார். அக்கா இல்லையென்று தலையாட்டினா. "சின்னப் பெடியன் மாதிரிக் கிடக்கு."

வயரை மாற்றிவிட்டு அண்ணை மிதித்தார். "இப்ப வயசாளி மாதிரி" என்றா அக்கா.

அண்ணையின் முகம் செத்துப்போய்விட்டது. "இதைவிட நல்ல பெட்டி யாழ்ப்பாணத்திலயே இல்லை, தங்கச்சி" என்றார். அது வீம்புப் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்பது மாதிரித்தான் இருந்தது.

அக்கா பெட்டியையும் பார்க்கவில்லை, முட்டியையும் பார்க்கவில்லை. சுற்றி ஓய்ந்துகொண்டிருந்த சில்லைப் பார்த்தா.

"பெட்டியில பிழை இல்லை, அண்ணை. முட்டியிலயும் இல்லை. உங்கட ரெண்டு பேற்ற காலிலதான் கிடக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிதிக்கிறவர் களைத்தால் பாட்டு இழுபடும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விசயம். நான் வீறாப்பில் விறுவிறென்று மிதித்திருக்கிறேன். அண்ணை பாரமான உடம்போடு மெல்ல மிதித்திருக்கிறார். அந்தப் பின்னேரம் முழுக்க நாங்கள் ஒப்பிட்டது ஸ்பீக்கர்களையே இல்லை.

அக்கா சீலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினா. குரல் முதலில் கீச்சென்றது, பிறகு இழுபட்டது, திரும்பவும் ஏறியது. அவா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தா. ஒரு இடத்தில் கால்கள் நிதானமாயின. அந்தக் குரல் சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. அவாவின் முகம்தான் சொன்னது.

"உன்ர அண்ணி என்னோட கதைக்கிறேல்ல. குழம்புக்கு உப்புக் காணாது எண்டு தெரியாத்தனமாச் சொல்லிப்போட்டன்" என்றது பெட்டி. அவர் மூச்சை உள்ளே இழுத்துச் சிரிப்பதுகூடக் கேட்டது. அக்காவும் சிரித்தா. எனக்கு அழுகை வந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கசற் முடிந்து றேடியோ 'டக்'கென்று நின்றது. அக்கா நிற்கவில்லை. கண் மூடியபடியே இருக்க, சில்லு அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது, தங்கச்சி. இறங்குங்கோ" என்றார் அண்ணை.

"தெரியும், அண்ணை" என்றா அக்கா. "இந்த வேகம் காலுக்குப் பழகட்டும்."