இந்தியச் சக்கரவர்த்தியின் கடைசிச் சதம்

வியாழக்கிழமை, மாலை 4.10. டொராண்டோ விமான நிலையத்தில் இறங்கியபோது கனடாவைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே விஷயம்தான். அங்கே குளிரும், என் தங்கை மீனா அங்கே இருக்கிறாள். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து துபாய், பிறகு இங்கே என்று ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. மீனா காரோடு வந்திருந்தாள். அஜின்கோர்ட்டில் அவள் வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர்; நெரிசலில் ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. எனக்கோ மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது, ஒரே வித்தியாசம், ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.

மீனா கணினி வேலை பார்ப்பவள். ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் மாதம் 1,650 டாலர் வாடகைக்கு இருக்கிறாள். "ஏண்டி, பேங்க் லாக்கர் ரூமுக்கு இவ்வளவா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். லாக்கர் நினைப்பு எனக்கு வராமல் யாருக்கு வரும்? முப்பத்தோரு வருடமாக ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் நான். அடகுக்கு வரும் நகையை உரைகல்லில் உரசி, எடை போட்டு, மாற்றுச் சொல்வது என் பிழைப்பு. தங்கக் காசு வந்தால் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரு சுண்டு சுண்டி, காது கொடுத்துக் கேட்பேன். இந்தப் பழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மாலை 7 மணி. மேல்மாடியில் வீட்டுக்கார அம்மாள் ராஜி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. இடியப்பம், சொதி, சம்பல், கணவாய்க் கறி. சும்மா சொல்லக்கூடாது, பதினான்கு இடியப்பம் சாப்பிட்டேன்.

"போதும் மேடம்" என்றேன்.

"மேடமும் கீடமும் வேண்டாம். ராஜி எண்டு கூப்பிடுங்கோ அண்ணை. நீங்கள் தங்கம் பாக்கிற ஆள் எண்டு மீனா சொன்னவா. அப்ப உங்களுக்கு ஒரு சாமான் காட்டவேணும்."

மீனா ஏதோ அலுவலகக் கூட்டம் என்று கீழே போய்விட்டாள். ராஜி சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கறுப்பு வெல்வெட் துணி விரித்து, மேலே ஒரு விளக்கை இழுத்து வைத்தார். அறுவை சிகிச்சைதான் நடக்கப்போகிறதோ என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து வந்தவை கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள், உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு செப்புக் காசு. கனடாவின் ஒரு சதம். இந்த நாட்டிலேயே இப்போது புழக்கத்தில் இல்லாத சமாசாரம் அது. கடையில் ரொக்கம் கொடுத்தால் மொத்தத்தை ஐந்துக்கு ஒட்டி முழுமையாக்கி விடுகிறார்கள்.

எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். காசைத் தரம் பிரிக்கும் நிறுவனத்திடம் கொடுத்தால், அவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுபதுக்கு இவ்வளவு என்று எண் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடி, சீட்டுப் பதித்துத் தருவார்கள். ஒரே ராஜா காலத்துச் சதங்களை ஆண்டு ஆண்டாகச் சேர்த்தால் ஒரு செட். அந்தச் செட்டை இணையப் பதிவேட்டில் ஏற்றினால், நாடு முழுக்க யாருடையது உசத்தி என்று பட்டியல் வரும். ஆறாம் ஜார்ஜ் சதங்களில் ராஜிக்கு நான்கு வருடமாக இரண்டாமிடம். முதலிடம் ஹாலிஃபாக்ஸில் உள்ள ஒரு பல் மருத்துவருக்கு. இருவரும் சந்தித்ததே இல்லை, பட்டியலில்தான் மல்லுக்கட்டு. ராஜி தன் செட்டுக்கு வைத்த பெயர் 'செகண்ட் ஷிப்ட்'. இரண்டாவது ஷிப்டில் வேலை, இடைவேளையில் காசு தேடல், அதனால். அன்றிலிருந்து ஞாயிறு வரை லீவு போட்டிருந்தார்.

"ஒரு காசிலைதான் அண்ணை அவர் என்னை முந்தி நிக்கிறார்" என்று சொல்லி, ஒரு மெல்லிய உறையிலிருந்து பெட்டி போடாத சதம் ஒன்றை விளிம்பில் பிடித்து எடுத்து வெல்வெட்டில் வைத்தார். பழைய வீடொன்றில் சாமான் விற்றபோது, வங்கிக் காகிதம் பிரிக்காத ஐம்பது சதச் சுருள் ஒன்றை 640 டாலருக்கு வாங்கி, அதில் சலித்து எடுத்த இரண்டில் இது முதலாவது. "இதே வருசம் பொறிச்ச காசு ஒண்டு என்னட்டை அறுபத்தஞ்சிலை இருக்கு. உது அறுபத்தாறு வரும். வந்தால் நான் முதலாவது. நாளைக்குக் கொயின் ஷோவிலை குடுத்தா ஞாயிறு ரிசல்ட். ஞாயிறோடை இந்த வருசத்துப் போட்டி முடியுது."

காசில் 1947 என்றிருந்தது. பக்கத்தில் கடுகளவு ஒரு மேப்பிள் இலை. அந்த இலையின் கதையைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜா தலையைச் சுற்றி லத்தீனில் 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்று பொறித்திருக்கிறது. நாற்பத்தேழில் நமக்குச் சுதந்திரம் வந்ததும் அந்தப் பட்டம் போச்சு. பட்டம் நீக்கிய புது அச்சு இங்கிலாந்திலிருந்து வந்து சேர நாளாயிற்று. அதுவரை சும்மா இருக்க முடியாமல், நாற்பத்தெட்டிலும் பழைய அச்சிலேயே நாற்பத்தேழு என்று போட்டு, அடையாளத்துக்கு இந்த இலையைச் சேர்த்து அடித்தார்களாம். அடேயப்பா! நாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தது, எங்கோ பனிநாட்டில் ஒரு சதத்தில் இலையாக முளைத்திருக்கிறது.

அப்போது ராஜிக்குத் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போனார்.

நான் என்ன செய்தேன்? வேறென்ன, எடுத்தேன். நகத்தில் வைத்தேன். சுண்டினேன். சக்கரவர்த்தி எழும்பி, விளக்கில் பளிச்சென்று ஒரு மின்னு மின்னி, என் கைக்கு அகப்படாமல் டைல் தரையில் 'ணங்'கென்று விழுந்தார். குனிந்து எடுத்து, தரைத் தூசி ஒட்டியிருக்குமே என்று சட்டை நுனியால் அழுத்தித் துடைத்து, பளபளவென்று வெல்வெட்டில் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

வெள்ளிக்கிழமை, காலை 8.30. ராஜியின் காரில் கிளம்பினோம். காசுக் கண்காட்சி விமான நிலையப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். 401 நெடுஞ்சாலையில் மேற்கே போகவேண்டும். சாலையோர மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. பேச்சுக் கொடுப்போமே என்று நான்தான் கேட்டேன்: "ஏங்க, காசு அழுக்கா இருந்தா என்ன போட்டுத் தேய்ப்பீங்க? புளியா?"

ராஜி சாலையைப் பார்த்தபடி சிரித்தார். "தேய்க்கவே கூடாது அண்ணை. விரல் முகத்திலை படக்கூடாது. துணியாலை ஒருக்காத் துடைச்சாலே போதும், மெல்லிய கோடு விழுந்திடும். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். பிறகு நம்பரே குடுக்கமாட்டினம். பழுது எண்டு எழுதிக் குடுப்பினம். செட்டிலை ஏத்தேலாது."

காலையில் ராஜி அவித்துக் கொடுத்த புட்டை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். சொல்லிவிடு என்றது மனசு. வாயைத் திறந்தால், "இங்கே பெட்ரோல் என்ன விலை?" என்றுதான் வந்தது. லிட்டர் ஒன்றரை டாலருக்குக் கிட்ட என்றார் ராஜி. மீதி நாற்பது நிமிடமும் நான் விலைவாசியே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

காலை 9.40. பார்க்கிங் 15 டாலர், நுழைவு ஆளுக்கு 10 டாலர். உள்ளே நூற்றுக்கணக்கான பேர், ஆனால் சத்தமே இல்லை. எல்லோரும் குனிந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தபடி. நம் ஊர் நகைக்கடையில் அட்சய திருதியை அன்று நடக்கும் தள்ளுமுள்ளை நினைத்துக்கொண்டேன். ஒரு மேசையில் வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் ராஜியைப் பெயர் சொல்லி வரவேற்றார். அங்கே செக்கச்செவேலென்று ஒரு சதம், எனக்குப் பிடித்திருந்தது. ராஜி கையை நீட்டியதும் அவரே தடுத்து, "உங்கள் செட்டுக்கு வேண்டாம், இதை யாரோ கழுவியிருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஓரமாக நகர்த்தி வைத்தார். விற்க வைத்த சரக்கை, வாங்க வந்தவரிடம் இப்படிச் சொல்லும் ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. பாராட்டத்தான் தோன்றியது, ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கே சொன்னதாகக் கேட்டது.

தரம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் வரிசை. காசுக்கு 45 டாலர் கட்டணம். ராஜி படிவத்தை நிரப்பத் தொடங்கினார். இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை.

"தங்கச்சி, ஒரு நிமிஷம். நேத்து நீங்க உள்ள போனப்ப அந்தக் காசை நான் சுண்டிட்டேன். கீழ விழுந்துருச்சு. சட்டையால துடைச்சு வச்சேன். தப்புன்னு தெரியாதும்மா. கார்ல நீங்க சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. சொல்ல வாய் வரல."

ராஜி படிவத்திலிருந்து பேனாவை எடுக்கவில்லை. "தெரியும் அண்ணை."

"தெரியுமா?"

"காலமை லென்ஸ் வச்சுப் பாத்தனான். நேற்று இல்லாத கோடு. விளிம்பிலை ஒரு சின்ன அடி. எனக்கு வேலையே உதுதானே."

"அப்ப ஏன்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்கள் காலமைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பியளோ? வீட்டுக்கு வந்த ஆள்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ராஜி திரும்பப் படிவத்தில் குனிந்து, சுருளில் எடுத்த இரண்டாவது காசை முதல் வரியில் எழுதினார். இரண்டாவது வரியில், நான் சுண்டியதை எழுதினார். "இதையும் ஏன்? வீணா நாற்பத்தைந்து டாலர்" என்றேன், நான் கொடுக்கிறேன் என்று பர்ஸையும் எடுத்தேன். என் கையை விலக்கிவிட்டு அவரே கட்டினார்.

சனிக்கிழமை மீனா என்னை ஏரிக்கரைக்கும், செயின்ட் ஜேம்ஸ் டவுனின் பழைய மாடிக் கட்டடங்களுக்கும் அழைத்துப்போனாள். ராஜி முதன்முதலில் வந்து இறங்கிய இடம் அதுதானாம். ஸ்ட்ரீட்கார் என்கிற டிராமில் ஏறினோம், காபி குடித்தோம். எதைப் பார்த்தாலும் எனக்குள் அறுபத்தாறு, அறுபத்தைந்து என்றே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி. மறுபடி அதே ஹோட்டல். மேசையில் இருந்த பெண் ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். ராஜி அங்கே பிரிக்கவில்லை. கார்வரை கொண்டுவந்து, உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தார். முதல் பெட்டி: அறுபத்தைந்து. ஏற்கெனவே இருப்பதும் அதே எண். ஒரு புள்ளியும் ஏறாது. இரண்டாவது பெட்டியின் சீட்டில் எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை. விளிம்பில் அடி, துடைத்த கோடு, பழுது.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்க. நான் தொடாம இருந்திருந்தா அறுபத்தாறு வந்திருக்குமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு ஆறுதலுக்காவது.

"வந்திருக்கும் அண்ணை" என்றார். "பொய் சொல்லி என்ன?"

இரண்டு பெட்டிகளையும் உறைக்குள் திரும்பப் போட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினார். ஹாலிஃபாக்ஸ் பல் மருத்துவருக்கு வாழ்த்து.

திங்கட்கிழமை, காலை. ஒரு வார லீவு முடிந்து ஊருக்குப் பெட்டி கட்டும்போது என் வேலையைப் பற்றி யோசித்தேன். முப்பத்தோரு வருடம், எத்தனை பேர் தாலிக்கொடியை, காதுத்தோட்டை உரசியிருப்பேன். கல்லில் ஒட்டிய துளி யார் கணக்கிலும் வராது. யாரும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. நாம் பொருளை நம்ப வேண்டுமானால் அதைக் கொஞ்சம் சிதைத்தாக வேண்டும். இங்கே ஒரு செல்லாக்காசை, எண்பது வருடத்துக்கு முன்னால் அச்சிலிருந்து விழுந்த கோலத்திலேயே அடுத்தவர் கையில் சேர்ப்பதற்கு இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்று சிரித்திருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

மாலை 5 மணி. மீனா காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். ராஜி ஷிப்டுக்குக் கிளம்பிய சீருடையோடு வாசலுக்கு வந்து, என் சட்டைப் பையில் எதையோ போட்டார். எடுத்துப் பார்த்தால் அந்தச் சதம், எண் இல்லாத சீட்டோடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள்.

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா? உங்க முதலிடத்தையே தட்டிவிட்டவன் நான்."

"ஓம், தட்டித்தான் விட்டனீங்கள். எனக்குக் கவலைதான், இல்லை எண்டு சொல்லமாட்டன்" என்றார் ராஜி. "ஆனா பாருங்கோ, இந்தியாவின்ர சக்கரவர்த்தி எண்டு எழுதி வச்சிருக்கு, இந்தக் காசு இன்னும் இந்தியாவைக் காணேல்லை. கூட்டிக்கொண்டு போங்கோ."

கையெடுத்துக் கும்பிட்டேன். ராஜி பிளாஸ்டிக் பெட்டியின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"அதுக்குத்தான் அண்ணை நாற்பத்தஞ்சு டொலர் கட்டினனான். இனி உதை ஒருத்தராலும் சுண்டேலாது."