மூன்றாம் தண்ணீர்

முதலில் வந்தது அரிப்பு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தன. சித்திரை மாதம், இலவங்காய் வெடிக்கும் காலம். பள்ளிக்கூட விடுமுறையில் நாலு தலையணைக்குப் பஞ்சு அடைத்திருந்தேன். பஞ்சுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, என் கணவர் நாலையும் ஜீப் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அங்கே யாருக்கும் அரிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் கூடலூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வயது நாற்பத்தாறு. கணவர் ராசாங்கம் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'டீச்சர்'தான்.

ஒரு மாதத்தில் கண் மஞ்சளானது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மலம் சாக்பீஸ் மாதிரி வெளுத்தது. சாக்பீஸோடு இருபது வருஷம் பழகியவள் நான், அதை இந்த இடத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: மஞ்சக்காமாலை.

எங்கள் தெருவில் அம்மைக்கும் காமாலைக்கும் ஒரு கட்டு உண்டு. நோயாளிக்கு எண்ணெய் ஆகாது, தாளிக்கிற வாசனையும் ஆகாது. அதனால் அக்கம்பக்கத்து வீடுகளிலும் கடுகு தாளிக்க மாட்டார்கள். நோய் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலை போட்ட வெந்நீர், ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகே பத்தியம் முறியும். தண்ணீர் ஊற்றாமல் பத்தியம் முறிப்பது ஒருவருக்கு மட்டும்தான்: இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவருக்கு. அவர் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள். அடுத்த வீட்டுச் செல்லம்மாள் அக்கா தன் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். தெருவே பார்த்தது.

எனக்காக ஏழு வீடுகளில் தாளிப்பு நின்றது. செல்லம்மாள் அக்கா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். அங்கே தாளித்து, தட்டுப் போட்டு மூடி, முந்தானையால் சுற்றிக்கொண்டு வருவார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். இப்படி நம்மைப் பார்த்துக்கொள்கிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தேன். உப்பில்லாக் கஞ்சி குடித்தேன். இரண்டரை மாதம் போனது. மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. இரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். பத்தியம் இருந்தால் இளைக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் தவறு தவறுதான். இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வலியில்லாமல் நாளுக்கு நாள் ஏறுகிற மஞ்சள், விடாத அரிப்பு, வெளுத்த மலம், காரணமில்லாத இளைப்பு இவை சேர்ந்து வந்தால் கீழாநெல்லியை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

கம்பத்தில் பார்த்த டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். "இது கீழாநெல்லிக்குக் கேக்கிற காமாலை இல்லைம்மா. நாளைக்கே மதுரைக்குப் போங்க" என்றார்.

மதுரையில் பதினொரு நாள் சோதனை, பிறகு அறுவை. நோய் கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. கொழுப்பைச் செரிக்கவைக்கிற நீர் இங்கிருந்துதான் வருகிறது). அதன் தலைப்பகுதியில் வளர்ந்த கட்டி, பித்தம் குடலுக்கு வருகிற குழாயை நெரித்திருக்கிறது. போக வழியில்லாத பித்தம் இரத்தத்தில் கலந்து உடம்பு மஞ்சளாகியிருக்கிறது. பித்தப்பையைக் குடலோடு இணைத்து மாற்றுவழி போட்டார்கள். பத்தே நாளில் அரிப்பு நின்றது. அரிப்பில்லாமல் தூங்கி எழுந்த முதல் காலை, எனக்குப் பிழைத்துவிட்டேன் என்றே தோன்றியது.

"கட்டி இருந்துச்சாம். எடுத்துட்டாக" என்றார் கணவர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் தொங்கிய காய்ச்சல் அட்டையைப் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்தோம். கண்ணிலிருந்த மஞ்சள் வடிந்துவிட்டது. "எப்பங்க தலைக்கு ஊத்துறது?" என்று கேட்டேன். "அடுத்த வாரம் பாப்போம் டீச்சர்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். வீட்டில் உட்காருவதையே குறைத்துக்கொண்டார். சாப்பாட்டைக்கூட ஸ்டாண்டில் முடித்துக்கொண்டு வந்தார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமலே மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். செல்லம்மாள் அக்கா வீட்டில் கடுகு வெடித்தது. கறிவேப்பிலை விழுந்த சத்தம். பிறகு வெங்காயம். நாலு மாதம் கழித்து அந்த வாசனை வந்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. பின்னாலேயே அக்கா கிண்ணத்தோடு வந்தார். கருவாட்டுக் குழம்பு, மேலே எண்ணெய் மிதந்தது.

"சாப்பிடாத்தா. இனிமே ஒனக்கு என்ன வேணுமோ கேளு, வச்சுத் தாரேன்."

கிண்ணத்தை வாங்கினேன். சூடாக இருந்தது.

"அக்கா, எனக்கு இன்னும் தலைக்கு ஊத்தலையே?"

அவர் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியாது.

அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அன்று மாலையே வயிற்றைப் பிரட்டி எல்லாம் எண்ணெயாகப் போனது.

மறுவாரம் மதுரையில் மறுசோதனை. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "கட்டியை எடுத்தீகளா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "எடுக்க முடியலைம்மா. பெரிய இரத்தக் குழாயைச் சுத்தியிருக்கு. இது புற்றுநோய்."

"எத்தனை நாளு?"

"மாசக் கணக்குன்னு சொல்லலாம். எத்தனை மாசம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்." பிறகு கேட்டார், "உங்க வீட்டுக்காரர் உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?"

சாப்பாட்டோடு போட மாத்திரை எழுதிக் கொடுத்தார் (கணையத்தின் வேலையைக் கொஞ்சம் செய்கிற செரிமான மருந்து). ஒரு பெரிய சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். எண்ணெயை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், துளித்துளியாகச் சேர்க்கலாம் என்றார். முதுகு வலிக்குத் தனி மாத்திரை. வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது, இந்த நோயில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகளில் ஒன்று.

ஜீப்பில் திரும்பும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. என் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டு என்னிடம் மட்டும் மறைத்த கோபம். அனுமந்தன்பட்டி தாண்டியதும், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டே விட்டேன். அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் அப்போதுதான் நடவு முடிந்த வயல்.

"சொன்னா நீ செத்துப்போவேன்னு பயந்துட்டேன் டீச்சர்."

"சொல்லாட்டி மட்டும்?"

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்க நாலைந்து நாள் ஆனது. அன்று ஒன்று மட்டும் சொன்னேன்: "இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்." சரி என்றார். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

உண்மை வெளியே வந்த பிறகு உதவி வாங்கிக்கொள்வது சுலபமானது. செல்லம்மாள் அக்கா அரைக் கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, சின்னக் கிண்ணத்தில் ஒரு நாளைக்கு ஆறு முறை கொண்டுவருகிறார். மிச்சம் வைத்தால் திட்டுகிறார். ஸ்டாண்டில் முறை வரும்போது கணவர் என்னோடு வீட்டில் இருந்தால், வேறொருவர் அவருக்காக வண்டியை எடுத்துவிடுகிறார். குமுளியிலிருந்து வருகிறவர்கள் நேந்திரம்பழம் கொண்டுவருகிறார்கள். வாரத்தில் மூன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய்ப்பாடு கேட்கிறேன். தலைமையாசிரியர் என் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றிக்கொடுத்தார். பார்க்க வந்து அழுகிறவர்களுக்கு வேலை கொடுத்துவிடுவேன்: துணி மடிக்கலாம், குடத்தில் தண்ணீர் பிடிக்கலாம். வேலை இருந்தால் அழுகை நிற்கிறது.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "எனக்குத் தலைக்கு ஊத்துங்கக்கா."

"நோவு போகாம ஊத்தக் கூடாதுல்ல ஆத்தா?"

"மஞ்ச போயிருச்சுல்ல? போனதுக்கு ஊத்துங்க. போகாதது அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

அக்கா அந்த வெள்ளிக்கிழமை வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார். கணவர் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு, "கோழியா உரிக்கப் போறீக?" என்று அக்காவிடம் திட்டு வாங்கினார். விளாவி, முதல் சொம்பை அவரே ஊற்றினார். தண்ணீர் தலையிலிருந்து இறங்கி வயிற்றுத் தழும்பின் மேல் ஓடியது. அதுவரை அந்த இடத்தைப் பார்க்காமல்தான் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். அன்று கை வைத்துப் பார்த்தேன். உள்ளே கட்டி இருக்கிறது, சுற்றி நானும் இருக்கிறேன். அது என் உடம்பில்தான் இருக்கிறது, உடம்பு முழுவதும் அதுவல்ல.

ஒருநாள் விட்டு இரண்டாம் தண்ணீரும் ஊற்றினார்கள். மூன்றாவதை மட்டும் நான் ஊற்ற விடவில்லை. அதையும் ஊற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடும், ஒன்று பாக்கி இருக்கட்டும் என்றேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. திரும்பவும் இலவங்காய் வெடிக்கத் தொடங்கிவிட்டது. வருகிற வருஷத்தைப் பற்றி நான் யோசிப்பதில்லை. ஆனால் காலை பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை எவ்வளவு நேரம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. முன்பு அது ஒரு பாடவேளை, மணி அடித்தால் முடிந்துவிடும். இப்போது அதற்குள் அரைத் தூக்கம், ஒரு கிண்ணம் ரசஞ்சோறு, கொஞ்சம் முதுகு வலி, அது அடங்குகிற சுகம், பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் எல்லாம் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைதோறும் கணவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறார்.

"டீச்சர், மூணாந் தண்ணியை இன்னைக்கு ஊத்திருவமா?"

"அடுத்த வாரம் பாப்போம்" என்கிறேன்.

இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்.