ஏலத்தில் வந்த நீர்முள்ளிக் கட்டு

யுத்தம் நடந்த வருஷம், ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் படுத்தார். பலமனேரிலிருந்து சித்தூருக்குக் காய்கறி மூட்டை வண்டி ஓட்டுகிறவர். முதலில் பாதம் வீங்கியது. பிறகு முழங்கால், வயிறு, முகம். நீர் சரியாகப் பிரியவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கும் வீக்கம் வடியவில்லை. இனிமேல் ஜெபம்தான் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபம் பண்ணாமலா இருந்தேன்? எந்த டாக்டரை எந்த ரயிலில் அனுப்பவேண்டும் என்றுகூட ஆண்டவருக்குச் சொல்லியிருந்தேன். ஒருவரும் வரவில்லை. தாலியை இழந்துவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

அந்த வாரம் அறுப்பின் பண்டிகை. உங்களுக்குத் தெரியும், அவரவர் விளைச்சலைக் கோயிலில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். ஏரியோரத்துக் கனகம்மாவின் நிலம் அந்த வருஷம் முழுகிப்போயிருந்தது. பாவம், சேற்றில் தானாக முளைத்த ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கொண்டுவந்திருந்தாள். கணுவுக்குக் கணு முள். ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லாரும் ஆண்டவருக்கே என்று மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்தி என்ன பக்தி, முள்ளுக்குப் பயம்.

நான் பின்னால் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி, அவரை எழுப்பும் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். ஏலம் விட்ட சபை மூப்பர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் தரம் சொல்லிக் கட்டை என் மடியில் வைத்துவிட்டார். நானும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். மனுஷன் வாங்கவில்லை.

வழியெல்லாம் கையைக் கிழித்தது. டாக்டரைக் கேட்டால் முள்ளா கொடுப்பீர் என்று ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வாசலில் வீசப் போனபோது, வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அத்த வீசாதமே. நீர்முள்ளி அது. எங்க நைனாவுக்குக் கால் ஊதினப்ப இத்தத்தான் வேரோட காய்ச்சிக் குட்த்தாங்க.”

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீ கேக்கலியே.”

அடிக்கவும் மனசில்லை, அழவும் நேரமில்லை. கஷாயம் வைத்தேன். மறுநாள் மத்தியானம் வேலியோரம் போனார். வந்தார். உட்காருமுன் மறுபடியும் போனார். புருஷன் வேலியோரம் போவதைப் பார்த்து எந்தப் பெண்ஜாதி ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாள்? நான் வாசற்படியில் நின்று அழுது அழுது சொன்னேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா பதறி ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் என்னோடு சேர்ந்து அழுதாள்.

வீக்கம் வடிய ஆரம்பித்தது. நீர்முள்ளித் தளிரைக் கீரையாகவும் கடைந்து போட்டேன். கிறிஸ்துமஸுக்குள் வண்டி கட்டிவிட்டார்.

சபைமுன் சொல்லும் சாட்சியில் சுகமானார் என்று மட்டும் சொல்லம்மா, மற்ற விவரம் வேண்டாம் என்று சபை ஐயர் என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆண்டவர் செய்ததை நான் எப்படி மறைப்பேன்?

இப்போதெல்லாம் ஜெபத்தில் நான் அவருக்கு வழி சொல்வதில்லை. கஷ்டத்தைச் சொல்கிறேன், அழுகிறேன், எழுந்து வேலையைப் பார்க்கிறேன். நீங்களும் கேளுங்கள், சகோதர சகோதரிகளே. அவர் மடியில் வைத்தது முள்ளாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.