குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே ஒரு தாள்

தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு எனக்கு உணர்ச்சி கிடையாது. பெல்ட் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வெட்டிய நரம்பு மெதுவாகத் திரும்பி வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வந்தால் வரட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் பள்ளிபாளையத்தில் ஒரு சைசிங் மில்லில் கஞ்சி போடுகிறவன். சோற்றுக் கஞ்சி இல்லை. தறிக்குப் போகும் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க, ஆயிரக்கணக்கான இழைகளை அகலமாக விரித்து, கஞ்சித் தொட்டியில் முக்கிப் பிழிந்து, சூடான டிரம்களின் மேல் ஓடவிட்டுக் காயவைத்து, பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றுவோம். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது என் வேலை. மரவள்ளி மாவு பாதி, மற்ற சரக்கு பாதி. மற்ற சரக்கில் ஒன்று சி.எம்.சி. என்கிற வெள்ளைப் பொடி. மூட்டை மூட்டையாக வரும். கையில் பட்டால் வழுவழு என்று ஆகும், காய்ந்தால் தோலோடு பிடித்துக்கொள்ளும்.

பல வருடங்களுக்கு முன்பு குடல்வால் வெடித்து எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. அதை மறந்தே போயிருந்தேன். இந்த வருடம் வயிறு வலித்தபோது பரோட்டாமேல் பழி போட்டேன். வயிறு பானையாக உப்பி, பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், பழைய ஆபரேஷன் புண் ஆறும்போது குடல் போய் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒட்டிய இடத்தில் மடங்கி வழி அடைத்திருக்கிறது என்றார். திறந்து பிரித்துவிடலாம். ஆனால் திறந்தால் அந்தப் புண்ணும் ஆறும், ஆறும்போது அதுவும் ஒட்டப் பார்க்கும். அதனால் இந்தத் தடவை குடலுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை வைப்பதாகச் சொன்னார்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அந்தத் தாளை எதில் செய்கிறார்கள் என்று கேட்டேன். பாவம், நோயாளி கேள்வி கேட்கிறான் என்ற சந்தோஷத்தில் அவர் இரண்டு பெயர் சொன்னார். முதல் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டாவது சி.எம்.சி.

"டாக்டர், அதை நாங்க தொட்டில கொட்டிக் கலக்கறமுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். இது சுத்தம் செய்த மருந்துச் சரக்கு, நீங்கள் கலக்குவது வேறு தரம் என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நூலை விறைப்பாக்க நான் போடுகிற சரக்கை என் குடல்மேல் விரிக்கப்போகிறார்கள். வார்டில் இருந்த எல்லோரிடமும் எனக்குச் சைசிங் போடப்போகிறார்கள், இனிமேல் நான் சுருங்கமாட்டேன், இஸ்திரி வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கில் குழாய், பக்கவாட்டில் மூத்திரம் வடிய ஒரு பை. மறுநாள் டாக்டர் வந்து, நாலைந்து இடத்தில் பிரித்ததாகச் சொன்னார். தாள் வைத்தாயிற்று. சுடாத அப்பளம் மாதிரி இருக்குமாம், வைக்கும்போது கையுறையில் ஈரம் பட்டாலே வீணாகிவிடுமாம். உள்ளே போனபின் ஓரிரு நாளில் கொழகொழவென்று ஆகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அதற்குள் புண்மேல் புதுத் தோல் மூடிக்கொள்ளும். இன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும், காற்றுப் பிரிய வேண்டும், பிரிந்தால்தான் குடல் ஓட ஆரம்பித்ததாக அர்த்தம் என்றார். பிரியவில்லை என்றால்?

"மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். மறுபடி என்பதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

இவ்வளவு சொன்னதில் என் காதில் தங்கியது அப்பளமும் கொழகொழவும்தான். நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: அசையக் கூடாது. அசைந்தால் தாள் நகரும். ஈரப் பாவை எவனாவது கையால் தொட்டால் நானே வைவேன். இது என் சொந்தப் பாவு. பாதி மூச்சு விட்டேன். இருமலை விழுங்கினேன். நர்ஸ் வந்து எழுப்பியபோது தலை சுற்றுகிறது என்றேன். அடுத்த தடவை ராகு காலம் என்றேன். அதற்கும் அடுத்த தடவை, செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் முதல் அடி எடுத்து வைக்கமாட்டோம் என்றேன். முதல் இரண்டுக்கும் அந்தப் பெண் சிரித்தாள். மூன்றாவதற்கு என் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் என்னவோ எழுதிவிட்டுப் போனாள்.

இதற்கிடையே மனைவியின் போன் ஓயவில்லை. எடுத்தவுடன் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "இன்னும் இல்லீங்க" என்று அவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். பள்ளிபாளையமே என் பின்புறத்திலிருந்து ஒரு செய்திக்காகக் காத்திருந்தது. என் கல்யாணத்தைக்கூட இத்தனை பேர் விசாரித்ததில்லை.

வேடிக்கை எல்லாம் வாய்க்குத்தான். உள்ளே ஒன்றும் இல்லை. மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசி அதிகம். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உப்புகிற வயிறு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் நாலு இடத்தில் வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை போலிருக்கிறது. நான் ஏதோ ஜோக் சொன்னேன். மனைவியை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாளைக் காலைவரை பார்ப்பார்களாம். அப்புறம் ஸ்கேன், தேவைப்பட்டால் தியேட்டர்.

ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். தாள் நகர்ந்துவிடும் என்றேன்.

அவளும் எங்கள் மில்லில் பத்து வருடம் அறுந்த பாவு இழைகளை எடுத்துக் கட்டியவள்.

"ஏனுங்க, கரண்ட் போனா மில்லுல என்ன பண்ணுவீங்க?"

கரண்ட் போனால் நான் ஓடுவேன். அதுதான் என் வேலையிலேயே பெரிய வேலை. மெசின் நின்றால் ஈரப் பாவு சூட்டு டிரம்மேல் அப்படியே நின்றுவிடும். இழையோடு இழை ஒட்டிக் கோரைப்பாயாக ஆகிவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். அதனால் ஓடிப்போய் நீராவியை அடைத்துவிட்டு, கையாலேயே டிரம்மைச் சுற்றுவோம். அங்குலம் அங்குலமாகவாவது பாவு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதை எல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஓடுவேன்" என்றேன்.

"ஈரப் பாவு நின்னா ஒட்டிக்கும்னு ஊரையே வைவீங்க. இங்க வந்து நீங்களே மெசினை நிறுத்திப் போட்டுட்டு மூணு நாளாப் படுத்துக் கெடக்கறீங்க."

பதிலுக்கு ஒரு ஜோக் தேடினேன். அவள் கையை நீட்டினாள்.

தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். பையை அவள் தூக்கிக்கொண்டாள். கட்டிலிலிருந்து நடைபாதைக் கடைசி ஜன்னல் வரை போய் வந்தோம். ஜன்னலுக்கு வெளியே போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று ஓரங்கட்டி நின்றது. மறுபடி போனபோதும் நின்றது. நர்ஸ் எதிரே வந்தாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லையா என்று கேட்டாள்.

ஐந்தாவது தடவையோ ஆறாவதோ, ஜன்னலுக்குப் போகும் வழியில், ஆரஞ்சுப் பழப் பையோடு யாரையோ பார்க்க வந்த ஒருவரைத் தாண்டும்போது காற்றுப் பிரிந்தது. சின்னதுதான். அவர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்பினேன். மனைவி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். நானும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அவள் கையில் என் பை அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரிக் லாரி போய்விட்டிருந்ததை மட்டும் கவனித்தேன்.

ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். தாள் வேலை செய்ததா, இல்லை உள்ளே மறுபடி ஒட்டியிருக்கிறதா?

"தெரியணும்னா திறந்துதான் பார்க்கணும்" என்றார்.

"வேண்டாமுங்க" என்றேன். தாள் ஒட்டுவதைக் குறைக்கும், ஒட்டவே ஒட்டாது என்று யாரும் சொல்ல முடியாது என்றார். நான் நடந்தாலும் படுத்தாலும் அது நகர்ந்திருக்காது என்பதையும் அப்போதுதான் சொன்னார். தாள் எப்போதோ கரைந்து போய்விட்டது. இருந்ததற்கு அடையாளமே இருக்காதாம்.

மில்லில் இப்போதும் கரண்ட் போகிறது. இப்போதும் ஓடுகிறேன். ஓடும்போது ஒரு கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. அது மரத்துப்போன இடம். பிடித்திருக்கிறேன் என்பது கைக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரிவதில்லை.